மின்தடையின்போது வீட்டு உணவுப் பாதுகாப்பு

மின்தடையின்போது வீட்டு உணவுப் பாதுகாப்பு என்பது, மின்சாரம் நின்று குளிர்சாதனப் பெட்டி இயங்காதிருக்கும் காலத்தில் வீட்டிலுள்ள உணவை நோய் உண்டாக்காத நிலையில் காப்பதையும், அவ்வாறு காக்க இயலாதபோது எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்று முடிவு செய்வதையும் குறிக்கும். இம்முடிவு உணவு எவ்வளவு நேரம் எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைச் சார்ந்தது. நிறம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்வது உலகெங்கும் வழக்கில் இருந்தாலும் அது நம்பத்தக்க முறையன்று. கெட்டிருக்குமோ என்று ஐயமுள்ள உணவைக் கொதிக்க வைத்து உண்பதும் எல்லா வேளையிலும் பாதுகாப்பானதன்று.

மின்தடை, முன்னறிவிப்புடன் செய்யப்படும் மின்வெட்டாகவோ, பழுதாலும் புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களாலும் நேரும் எதிர்பாராத தடையாகவோ இருக்கலாம். இவ்விரண்டும் உணவைத் தாக்கும் விதம் வேறுபடுகிறது. இது குறித்த பெரும்பாலான கையேடுகள் இரண்டாவது வகையை மனத்தில் கொண்டே எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழ்வோர் முதல் வகையையும் நீண்ட காலம் அனுபவித்துள்ளனர்.

அடிப்படை

உணவில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பெருகுகின்றன. உலக சுகாதார அமைப்பு இவ்விடைவெளியை இடர் மண்டலம் என்று குறிக்கிறது. ஐக்கிய அமெரிக்க வழிகாட்டல்கள் கீழெல்லையை ஏறத்தாழ 4 பாகை எனக் கொள்கின்றன. குளிர்சாதனப் பெட்டியின் வேலை உணவை இக்கீழெல்லைக்குள் வைத்திருப்பதே ஆகும்.

உகந்த சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. இவ்வேகத்தில் 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டிப்பு நிகழும். தொடக்கத்தில் 1,000 ஆக இருந்தவை 40 இலட்சத்தைத் தாண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் ஏற்படும் கூடுதலை விட அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஏற்படும் கூடுதல் பன்மடங்கு பெரிது. எனவே "இன்னும் சிறிது நேரம்தானே" என்று எண்ணிக் கடத்தும் கடைசி ஒரு மணி நேரமே எல்லாவற்றிலும் தீங்கானது.

இங்கு ஒரு கருத்தைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். குளிர், பாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறதேயன்றி அவற்றைக் கொல்வதில்லை. உறைய வைத்தலும் அவ்வாறே. உறைந்த இறைச்சியில் பல பாக்டீரியாக்கள் செயலற்றுக் கிடந்து, உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. ஆகவே மின்சாரம் திரும்பி வந்து பெட்டி மறுபடி குளிர்ந்துவிட்டதனால், தடையின்போது பெருகியவை குறைந்துவிடுவதில்லை. உணவு தொட்டால் சில்லென்றிருக்கும். உள்ளே இருப்பவை இருந்தபடியே இருக்கும்.

முகர்ந்து பார்த்தலும் கொதிக்க வைத்தலும்

உணவைக் கெட்டுப்போகச் செய்யும் நுண்ணுயிரிகளும் நோய் உண்டாக்கும் நுண்ணுயிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறானவை. ஊசல் நாற்றம், நூல் விடுதல், வழவழப்பு, புளிப்பு முதலியன முதல் வகையால் வருவன. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள், உணவின் மணத்திலோ சுவையிலோ மாற்றம் எதுவும் தோன்றாத நிலையிலேயே நோய் உண்டாக்கும் அளவுக்கு இருக்கக்கூடும். நாற்றமடிக்கும் உணவை எவரும் உண்ணப் போவதில்லை. நோயுறச் செய்வது பெரும்பாலும் நன்றாக இருப்பதாகத் தோன்றும் உணவே. சுவைத்துப் பார்த்து முடிவு செய்தல் அதனினும் தவறானது.

கொதிக்க வைத்தல் குறித்த நம்பிக்கை பாதி உண்மையானது. நன்கு கொதிக்கும்போது வாழும் பாக்டீரியாக்கள் இறக்கின்றன. ஆயினும் சில பாக்டீரியாக்கள் உணவில் நச்சுப்பொருளைச் சுரந்து வைக்கின்றன. அந்நச்சு, அதைச் சுரந்த பாக்டீரியா இறந்த பின்னும் உணவில் தங்குகிறது. இவ்வகையில் வீடுகளில் முதன்மையானவை இரண்டு.

பாசில்லசு செரியசு என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. அரிசியில் இதன் வித்துகள் இயல்பாகக் காணப்படும். சோறு வேகும்போது அவ்வித்துகள் இறப்பதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. இந்நச்சு 120 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தாங்க வல்லது; நீரின் கொதிநிலை 100 பாகையே. எனவே அவ்வாறு கிடந்த சோற்றைத் தாளித்தோ, வறுத்தோ, ஆவியில் சூடாக்கியோ உண்பதால் பயனில்லை. உண்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

சுடாபைலோகாக்கசு ஆரியசு மனிதரின் தோலிலும் மூக்கிலும் வாழ்வது. கையால் பிசைந்த, உதிர்த்த, பரிமாறிய உணவுகளில் எளிதில் சேர்கிறது. பால் இனிப்புகள், பன்னீர், உதிர்த்த கோழி இறைச்சி ஆகியவற்றில் இது பெருகிச் சுரக்கும் நச்சும் கொதிநிலையில் அழிவதில்லை.

பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் இறைச்சிக் குழம்பிலும் பிரியாணியிலும் பெருகும் குளோசுட்ரிடியம் பெர்பிரிஞ்சென்சு வேறு விதமானது. இதன் வித்துகள் சமையலில் பிழைக்கும். எனினும் மீண்டும் நன்றாகக் கொதிக்க வைத்தால் பெருகிய பாக்டீரியாக்கள் இறக்கும். ஆனால் வீட்டில் இருப்பவருக்குப் பாத்திரத்தில் பெருகியிருப்பது எதுவென்று தெரிய வழியில்லை.

குழம்பைச் சுண்ட வைத்துச் சுண்ட வைத்துப் பயன்படுத்தும் பழைய வழக்கம் இதனால் பிழையாகிவிடாது. அது, நுண்ணுயிரிகள் பெருகி நச்சு சுரக்கும் முன்னரே சில மணி நேரத்துக்கு ஒரு முறை கொதிநிலைக்குக் கொண்டுசென்று பெருக்கத்தை மீண்டும் மீண்டும் முறிக்கும் முன்தடுப்பு முறை. அதில் சேரும் புளியும் உப்பும் துணை செய்கின்றன. இரவெல்லாம் அணைந்த பெட்டியில் கிடந்ததைக் காலையில் ஒரு முறை கொதிக்க வைப்பது இதற்கு ஈடாகாது.

பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்

ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறை உள்ளிட்ட அமைப்புகள் தரும் அளவுகள் பரவலாக எடுத்தாளப்படுகின்றன. அவற்றின்படி, கதவு திறக்கப்படாத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் உணவைப் பாதுகாப்பான குளிரில் வைத்திருக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும்.

இவ்வெண்களைத் தமிழ்நாட்டுச் சமையலறைக்கோ யாழ்ப்பாணத்துச் சமையலறைக்கோ அப்படியே கொண்டுவருமுன் இரண்டு வேறுபாடுகளைக் கருத வேண்டும். முதலாவது, 48 மணி நேரம் என்பது தனியாகக் கதவு கொண்டு, −18 பாகை அளவில் இயங்கும் பெரிய உறைபெட்டிக்கு உரியது. இங்கு பல வீடுகளில் உள்ளது 180 முதல் 200 லிட்டர் அளவிலான ஒற்றைக் கதவுப் பெட்டி. அதன் உறையறை, பெட்டியின் உள்ளேயே மெல்லிய மூடியுடன் அமைந்த சிறு அறையாகும். கதவைத் திறந்தால் அதுவும் வெப்பத்துக்கு ஆளாகிறது. அதற்கு இரண்டு நாள் கணக்கு பொருந்தாது.

இரண்டாவது, பெட்டிக்குள் வெப்பம் புகும் வேகம், உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. அறையில் 20 பாகையும் பெட்டியில் 4 பாகையும் இருப்பின் வேறுபாடு 16. சித்திரை மாதத்துச் சமையலறையில் 36 பாகை இருப்பின் வேறுபாடு 32. வெப்பம் இரு மடங்கு வேகத்தில் உள்ளே நுழையும். எனவே 4 மணி நேரம் என்பதைக் கோடையில் உறுதியளிக்கப்பட்ட அளவாகக் கொள்ளாமல், கடக்கக் கூடாத மேலெல்லையாகக் கொள்வதே பொருத்தமாகும். பெட்டியின் கதவைச் சுற்றியுள்ள இரப்பர்ப் பட்டை தளர்ந்திருந்தால் அதுவும் குறையும். ஒரு தாளைக் கதவில் இடுக்கி இழுத்துப் பார்க்கையில் தடையின்றி வந்துவிட்டால் பட்டை தளர்ந்துவிட்டது எனலாம்.

நிறைந்த பெட்டி வெறும் பெட்டியை விட நீண்ட நேரம் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், குளிர் காற்றில் அன்றி உள்ளிருக்கும் பொருள்களில் தேங்கியிருப்பதாகும். காற்றின் வெப்பக் கொள்ளளவு மிகக் குறைவு. பனிக்கட்டியின் பங்கு இதில் தனித்தன்மை உடையது. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி 0 பாகையில் உருகி நீராவதற்கு 334 கிலோயூல் வெப்பத்தை உட்கொள்கிறது. அவ்வெப்பம் அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகைக்கு உயர்த்தப் போதுமானது. பனிக்கட்டி முழுதும் உருகும் வரை அதனை ஒட்டியுள்ள இடம் 0 பாகையை அண்டியே நிற்கும். உருகி முடிந்ததும் வெப்பநிலை விரைந்து ஏறத் தொடங்கும்.

கதவைத் திறக்கும்போது, கனமான குளிர்ந்த காற்று கீழ்வழியே வெளியேறி, வெப்பமான ஈரக்காற்று மேல்வழியே நுழைகிறது. கடற்கரையோர ஊர்களில் அக்காற்றிலுள்ள நீராவி உணவின் மீதும் சுவர்களின் மீதும் படிந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தையும் அங்கேயே விடுகிறது. ஆகவே ஒரு முறை திறப்பதால் ஏற்படும் இழப்பு சிறிதாகத் தோன்றினாலும், வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் "இன்னும் குளிர்ந்திருக்கிறதா" என்று திறந்து பார்ப்பது பெட்டியை விரைவில் வெறுமையாக்கிவிடும்.

விட்டுவிட்டு வரும் மின்வெட்டு

தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய மின்பற்றாக்குறை 2012இல் உச்சத்தை அடைந்தது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேலாக, பெரும்பாலும் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் என்னும் முறையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இன்றி மின்வெட்டு நீண்டு, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அங்கு சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் ஒருசேரத் தட்டுப்பாடாயின. குளிரூட்டவும் வழியின்றி, சூடாக்கவும் வழியின்றிப் போனமையால், உணவை இரண்டு எல்லைகளில் எதனிலும் வைக்க இயலாத நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

இவ்வகை வெட்டில் ஒவ்வொரு தடையும் 4 மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் உணவு பாதுகாப்பாக உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு தடையில் 4 பாகையிலிருந்து 9 பாகைக்கு ஏறிய பெட்டி, மின்சாரம் வந்ததும் உடனே 4 பாகைக்குத் திரும்புவதில்லை. காற்று முதலில் குளிரும், உணவு பின்தங்கும். அது முழுதும் குளிரும் முன் அடுத்த தடை வந்துவிட்டால், அடுத்த ஏற்றம் 9 பாகையிலிருந்து தொடங்கும். மாலைக்குள் பெட்டி குளிர்ச்சியான அலமாரி என்னும் அளவுக்கு வந்துவிடும். இங்கு ஒரு தடையின் நீளத்தைக் காட்டிலும், உணவு 5 பாகைக்கு மேல் கழித்த நேரங்களின் கூட்டுத்தொகையே கருதத்தக்கது. குறைந்த மின்னழுத்தமும் இதனுடன் சேர்ந்தால், மின்சாரம் உள்ள நேரத்திலும் அழுத்தி சரிவர இயங்காது.

இந்நிலைக்குச் சிறந்த விடை, பெட்டியை நம்பாத வகையில் சமையலை மாற்றிக்கொள்வது. ஒரு வேளைக்கு மட்டும் சமைத்தல், இறைச்சியையும் மீனையும் வாங்கிய அன்றே சமைத்து உண்ணுதல், அரைத்த தேங்காய்ச் சட்டினியை எஞ்ச விடாதிருத்தல் ஆகியன அவற்றுள் சில. வீட்டு மின்மாற்றிகள் (இன்வெர்ட்டர்) பெரும்பாலும் விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கே இணைக்கப்படுகின்றன. குளிர்சாதனப் பெட்டிக்கு, அழுத்தி தொடங்கும் கணத்தில் தேவைப்படும் உயர் மின்னோட்டத்தைத் தாங்கும் திறன் அவற்றுக்கு இருத்தல் வேண்டும்.

உணவு வகைகள்

எல்லா உணவும் ஒரே வேகத்தில் இடராவதில்லை. ஈரப்பதமும் புரதமும் மிகுந்து, புளிப்பும் உப்பும் குறைந்தவையே முதலில் விலக்கத்தக்கன.

பச்சை இறைச்சி, கோழி, மீன், இறால், இவற்றால் சமைத்த குழம்புகள், பருப்பு, சாம்பார், சோறு, பன்னீர், கிரீம் சேர்ந்த இனிப்புகள், வெட்டிய பழம் ஆகியன 4 பாகைக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக இருந்திருப்பின் விலக்கப்பட வேண்டியவை.

மீன்களுள் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றுக்குத் தனி இடர் உண்டு. இவற்றின் தசையில் மிகுந்துள்ள இசுட்டிடின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் இசுட்டமைனாக மாற்றுகின்றன. அவ்வாறு உண்டான இசுட்டமைன் பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் மீண்டும் உறைய வைத்தாலும் அழியாது. உண்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி, படபடப்பு தோன்றும். இது ஒவ்வாமை என்று பலரால் தவறாகக் கருதப்படுவதுண்டு. கெடத் தொடங்கிய மீனைக் கருவாடாக்குவதாலும் இது நீங்குவதில்லை.

பாக்கெட் பால் பாசுச்சர் முறையில் சூடாக்கப்பட்டதே அன்றி முற்றிலும் நுண்ணுயிர் நீக்கப்பட்டதன்று. அது குளிரில் இருந்தாக வேண்டும். தடை நீளும் என்று தெரிந்தவுடன், பால் இன்னும் குளிர்ந்திருக்கும்போதே அதைக் காய்ச்சிவிடுவதும், எஞ்சுவதற்கு உறை ஊற்றித் தயிராக்குவதும் நல்ல முறை. தயிரில் லாக்டிக் அமிலம் மிகுவதால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதில் பெருக இயலாது. மிகை வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால், பிரிக்கப்படாத வரை வெளியிலேயே இருக்கலாம். பிரித்த பின் அதுவும் சாதாரணப் பாலே.

தயிர், மோர், ஊறுகாய், நெய், வெண்ணெய், கடினப் பாலாடைக்கட்டி, தக்காளி, முழுப் பழங்கள், பெரும்பாலான காய்கறிகள் ஆகியன சில மணி நேரத் தடையால் இடராவதில்லை. இட்லி மாவு மிகையாகப் புளித்துப் பொங்கி வழியும். அது சுவைக் கேடே அன்றி இறைச்சியைப் போன்ற இடரன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் முட்டைகள் கடைகளில் குளிரூட்டப்படாமலே விற்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் அதன் இயற்கை மேற்பூச்சு நீங்கிவிடுகிறது. அங்குள்ள கண்டிப்பான முட்டை விதி அக்காரணத்தாலானது. அவித்து உரித்த முட்டை எங்கும் விரைவில் கெடும்.

எண்ணெயில் ஊறவைத்த பச்சைப் பூண்டு பலரும் கவனியாத ஒன்று. காற்றுப் புகாத, புளிப்பற்ற அச்சூழலில் குளோசுட்ரிடியம் போட்டுலினம் வளர்ந்து நரம்பைத் தாக்கும் கடும் நச்சைச் சுரக்கக்கூடும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதிய அளவு சேராத இவ்வகைக் கலவை அறை வெப்பநிலையில் கிடந்திருப்பின் விலக்கப்பட வேண்டும்.

குழந்தைகளுக்குப் பால்மா கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும், எஞ்சியதைச் சேமிக்கலாகாது. எடுத்து வைத்த தாய்ப்பால் 25 பாகை வரையான அறை வெப்பநிலையில் 4 மணி நேரம் இருக்கலாம். உறைந்த தாய்ப்பாலில் பனித்துகள்கள் இன்னும் காணப்பட்டால் மீண்டும் உறைய வைக்கலாம் என்பது ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் வழிகாட்டல்.

தடைக்கு முன்னும் தடையின்போதும்

வீட்டில் இருக்கத்தக்க மிகப் பயனுள்ள கருவி, பெட்டிக்குள் வைக்கும் சிறு வெப்பமானி. ஊகத்துக்கு இடமின்றி முடிவு செய்ய அதுவே உதவும். அடுத்த நிலையில், நீர் நிரப்பி உறையறையில் வைத்த நெகிழிப் புட்டிகள். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் புட்டியை விளிம்பு வரை நிரப்பலாகாது. தடை தொடங்கியதும் அவற்றுள் சிலவற்றைக் கீழ்ப்பகுதிக்கு, பால், இறைச்சி ஆகியவற்றை ஒட்டி மாற்றலாம். இம்மாற்றத்தை ஒரே திறப்பில் செய்து முடித்தல் நன்று. தடை தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் குறித்துப் பெட்டியின் கதவில் ஒட்டுவது, வெவ்வேறு நேரங்களில் வீடு திரும்புவோர் பலர் உள்ள குடும்பங்களில் குழப்பத்தைத் தவிர்க்கும்.

கடலோர ஊர்களில் ஐஸ் ஆலைகளிலிருந்து கிடைக்கும் பெரிய பனிப்பாளங்கள் நன்கு உதவும். ஆயினும் மீனுக்காகச் செய்யப்படும் பனிப்பாளம் குடிநீரால் செய்யப்பட்டதாக இராமலிருக்கலாம் என்பதால், அதைத் தடித்த பையில் இட்டு, உருகிய நீர் உணவில் படாதவாறு வைக்க வேண்டும். −78.5 பாகையில் உள்ள உலர்பனி, கிடைக்குமிடங்களில் இன்னும் வலிமையானது: நிறைந்த 510 லிட்டர் உறைபெட்டியை ஏறத்தாழ 23 கிலோகிராம் உலர்பனி இரண்டு நாள் குளிரில் வைத்திருக்கும் என்பது ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. அதை வெறுங்கையால் தொடலாகாது. அது கரியமில வாயுவாக மாறுவதால் மூடிய அறையில் வைப்பதும் ஆபத்தானது.

வீட்டை விட்டு வெளியூர் செல்வோர், உறைந்த நீர்க் குவளையின் மேல் ஒரு நாணயத்தை வைத்துச் செல்லும் முறை பரவலாக அறியப்பட்டது. திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்திருந்தால் இடையில் பனி முழுதும் உருகி மீண்டும் உறைந்தது என்று பொருள். நாணயம் மேலேயே இருப்பது உறையறையைப் பற்றி ஓரளவு சொல்லுமேயன்றி, கீழ்ப்பகுதியில் இருந்த பாலைப் பற்றி எதுவும் சொல்லாது.

மின்னாக்கியை வீட்டினுள்ளோ, மூடிய தாழ்வாரத்திலோ, சன்னலை ஒட்டியோ இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் கொல்வது. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதும் அவ்வாறே.

மண்பானைக் குளிர்விப்பு

மின்சாரமின்றிக் குளிர்விக்கும் முறைகளில் ஆவியாதலைப் பயன்படுத்துவது பழமையானது. நைசீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகம்மது பா அப்பா 1990களில், ஒன்றனுள் ஒன்றாக வைத்த இரு பானைகளுக்கு இடையே ஈர மணல் நிரப்பும் அமைப்பைப் பரப்பினார். குசராத்து மாநிலத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரசாபதி, மிட்டிகூல் என்னும் களிமண் குளிர்ப்பெட்டியை 2005இல் உருவாக்கினார்.

இவ்வமைப்புகளின் எல்லை காற்றின் ஈரப்பதத்தால் அமைகிறது. 40 பாகை வெப்பமும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட இடத்தில் ஆவியாதலால் ஏறத்தாழ 22 பாகை வரை குளிர்விக்க இயலும். 32 பாகையும் 80 விழுக்காடும் உள்ள கடற்கரை ஊரில் 29 பாகைக்குக் கீழே செல்ல இயலாது. இரண்டுமே 5 பாகைக்கு வெகு தொலைவில் உள்ளன. எனவே இவை காய்கறி, கீரை, பழம் ஆகியவற்றை வாடாமல் வைக்கச் சிறந்தவை. இறைச்சிக்கும் சமைத்த உணவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றாகா.

மரபு முறைகள்

குளிர்சாதனப் பெட்டி வருமுன் தமிழர் சமையல், ஈரத்தை நீக்கியும், புளிக்க வைத்தும், உப்பிட்டும் உணவைக் காத்தது. வற்றல், வடகம், கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய், புளியோதரை ஆகியன இவ்வழியில் வந்தவை. எஞ்சிய சோற்றில் உடனே நீரூற்றி வைக்கும் பழைய சோற்றில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பை ஏற்றுகின்றன. இதில் "உடனே" என்பது முக்கியமானது. மாலை வரை வெறுமனே கிடந்த சோற்றில் இரவில் நீரூற்றுவது வேறு செயல். போர்க்காலத்தில், 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாடு பொது மின்வழங்கல் இன்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. ஒடியல், புழுக்கொடியல் முதலிய பனம்பொருள்களும் கருவாடும் அங்கு நெடுநாள் வைத்து உண்ணத்தக்க உணவுகளாக ஏற்கனவே வேரூன்றியிருந்தன.

புயலும் வெள்ளமும்

2016 திசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலுக்குப் பின் நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கசா புயல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. காவிரிப் படுகையின் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்களாயின. இத்தகைய தடையில் பெட்டியைக் காத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. முதல் சில மணி நேரத்திலேயே இறைச்சியையும் மீனையும் சமைத்து அக்கம்பக்கத்தாருடன் பகிர்ந்து உண்டு தீர்ப்பதே பல ஊர்களில் இயல்பாக நிகழ்வது. அது நுண்ணுயிரியல் நோக்கிலும் சரியான செயலே.

வெள்ளநீர் கழிவுநீருடன் கலந்தது என்றே கொள்ளப்பட வேண்டும். அது தொட்ட அரிசி, மாவு, காய்கறி, திருகுமூடிப் புட்டிகள், அட்டையிலும் தாளிலும் அடைத்த பொருள்கள் ஆகியவை விலக்கத்தக்கன. நசுங்காத உலோக டப்பாக்களை மட்டும் கழுவி, குளோரின் கலந்த நீரில் நனைத்தெடுத்துப் பயன்படுத்தலாம்.

நியூயார்க், 2003

மின்தடைக்கும் உணவுவழி நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவாகப் பதிவான நிகழ்வுகளில் ஒன்று, 2003 ஆகத்து 14 அன்று ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்றாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பாதித்த பெருந்தடையாகும். நியூயார்க் நகரின் சில பகுதிகளில் மின்சாரம் மறுநாள் இரவில்தான் திரும்பியது. நகரின் சுகாதாரத் துறை, மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வருவோரின் அறிகுறிகளையும் மருந்து விற்பனையையும் நாள்தோறும் கண்காணித்து வந்தது. தடையை அடுத்த நாட்களில் வயிற்றுப்போக்கு வழக்கத்தை மீறி உயர்ந்ததை அக்கண்காணிப்பு காட்டியது. தொடர்ந்து நடத்திய ஆய்வில், தடைக்குப் பின் இறைச்சியும் கடலுணவும் உண்டதுடன் நோய்க்குத் தொடர்பு காணப்பட்டது. இவ்வாய்வு 2006இல் வெளியாயிற்று. கோடைநாளின் ஒரே ஒரு தடை அந்நகரில் இவ்விளைவைத் தந்தது குறிப்பிடத்தக்கது.

மின்சாரம் திரும்பிய பின்

முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். கதவு திறந்து நேரமாகிவிட்டால் அதன் அளவு பயன்படாது. உறையறையில் உள்ளவற்றில் பனித்துகள்கள் இன்னும் இருந்தாலோ, அவை 4 பாகைக்குக் கீழ் இருந்தாலோ மீண்டும் உறைய வைக்கலாம். தசை நாரின் தன்மை கெட்டுச் சாறு வடியுமேயன்றி இடரில்லை. உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறைய வைக்கலாகாது. பச்சை இறைச்சியின் நீர் வழிந்து கீழ்த்தட்டில் உள்ளவற்றில் பட்டிருந்தால், அவற்றுள் சமைக்காமல் உண்ணத்தக்கவை அனைத்தும் விலக்கத்தக்கன. பெட்டியைச் சவர்க்கார நீரால் துடைத்து உலர்த்திய பிறகே புதிய உணவை வைக்க வேண்டும். மின்சாரம் வந்தவுடன் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் பெட்டியைச் சில நிமிடங்கள் கழித்து இயக்குவது அழுத்திக்கு நல்லது.

கருவுற்றோர், கைக்குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோருக்கு ஐயத்துக்குரிய உணவைச் சிறிதளவும் தருதல் கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையிலும் மெதுவாகப் பெருகவல்ல லிசுட்டீரியா, கருவுற்றோருக்குக் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. அதன் அறிகுறிகள் தோன்றச் சில வாரங்களும் ஆகலாம். ஏனையோருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தணியும். அதுவரை உப்புச் சர்க்கரைக் கரைசல் தந்து நீரிழப்பை ஈடுசெய்ய வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், பார்வை மங்கல் அல்லது விழுங்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனடி மருத்துவ உதவி தேவை.

உணவன்று எனினும் குளிர்சாதனப் பெட்டியில் இடம்பெறும் இன்சுலின் குறித்தும் இவ்வேளையில் ஐயம் எழுவதுண்டு. திறக்கப்படாத இன்சுலின் 2 முதல் 8 பாகையில் வைக்கப்பட வேண்டியது. பயன்பாட்டில் உள்ள குப்பி, வகையைப் பொறுத்து 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத அறை வெப்பநிலையில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை இருக்கலாம். தடை நீளும்போது பனிக்கட்டியில் நேரடியாகப் படுமாறு வைத்தால் அது உறைந்து பயனற்றுப் போகும். ஈரத்துணி சுற்றிய மண்பானையில் வைப்பது அதனினும் நன்று.